மழையின் மேல் ஏற்றிய பழி: பட்காய் மலைப்பாதை, 1942

பாங்சாவ் கணவாயின் உயரம் 3,727 அடி. ஏற்காட்டை விடத் தாழ்வான இடம். இந்தியாவையும் பர்மாவையும் பிரிக்கும் பட்காய் மலைத்தொடரில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நம்போங் ஊருக்கு மேலே, அடர்ந்த மழைக்காட்டின் நடுவே அது அமைந்திருக்கிறது. அங்கே பனி கிடையாது. மூச்சுத் திணறும் உயரமும் கிடையாது. ஆயினும் 1942ஆம் ஆண்டின் மழைமாதங்களில் பர்மாவின் ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியே நடந்து, அக்கணவாயைக் கடந்து, அஸ்ஸாமின் லேடோவை அடைய முயன்றவர்களுள் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். காரணம் கேட்டால் பெரும்பாலான விவரிப்புகள் ஒரே சொல்லில் விடை கூறுகின்றன: மழை.

அவ்விடை பொய்யன்று, ஆனால் பாதி உண்மைதான். பட்காயில் பருவமழை ஆண்டுதோறும் மே மாத நடுவில் இறங்கும் என்பது அன்றைய அரசுக்கும் தெரியும், தேயிலைத் தோட்டக்காரருக்கும் தெரியும், மலைவாழ் மக்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. மழை எப்போது வரும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. மழைக்கு முன் யார் நடப்பது, மழையில் யார் நடப்பது என்பதே தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது. அத்தீர்மானம் வானத்தில் எடுக்கப்பட்டதன்று. அது ரங்கூனிலும் மாந்தலேயிலும் புதுதில்லியிலும் எடுக்கப்பட்டது. சில வேளைகளில் எடுக்கப்படாமலே விடப்பட்டது.

1931ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி பர்மாவில் இந்தியர் 10,17,825 பேர். அவர்களுள் தமிழர் ஏறத்தாழ 1,80,000. ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டவர் இந்தியரே. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள், இருப்புப்பாதை ஊழியர்கள், தபால் தந்தி எழுத்தர்கள், செட்டியார் கடைகளின் கணக்கர்கள், நகரத் துப்புரவுத் தொழிலாளர் எனப் பலதரத்தார் அவர்கள். 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால் பங்கு அளவு செட்டியார்களின் கைக்கு வந்திருந்ததால் எழுந்த கசப்பு, நிலம் ஏதும் இல்லாத கூலித் தொழிலாளியின் மேலும் சேர்ந்தே விழுந்தது. ஆகவே, 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசியபோது, இந்தியர் ஓடியது குண்டுக்கு அஞ்சி மட்டுமன்று. ஆங்கிலேயர் ஆட்சி விலகினால் தமக்கு என்ன நேரும் என்ற அச்சமும் அவர்களைத் துரத்தியது.

அவ்வாறு முதலில் ஓடியவர்கள் டிசம்பர் இறுதியிலேயே புரோம் சாலையில் திரண்டுவிட்டனர். மழைக்கு இன்னும் நான்கரை மாதம் இருந்தது. ஆனால் கூலிகள் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும். துறைமுகம் நின்றால் படைக்குத் தளவாடம் இறங்காது. எனவே அவர்களைத் திரும்பி வருமாறு அரசு வற்புறுத்தியது. திரும்பியவர்கள் பலர். கப்பல்களில் இடம் வாங்கும் வசதி படைத்தவர்கள் புறப்பட்டுக்கொண்டிருந்த அதே நாள்களில், உடல் வலுவுள்ள இந்திய ஆண்கள் டெக் பயணிகளாகக் கப்பலேறுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. உழைக்கும் கைகளை நிறுத்தி வைப்பதே அத்தடையின் நோக்கம். 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியர் ரங்கூனுக்குள் நுழைந்தனர். கடல்வழி அதனோடு அடைபட்டது.

அதன் பிறகு எஞ்சியவை தரைவழிகள். மேற்கே தாங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்குப் போய்ச் சிட்டகாங்கை அடைவது ஒன்று. மாந்தலேயிலிருந்து சிந்துவின் ஆற்றைக் கடந்து, தாமு, பலேல், இம்பால், திமாப்பூர் என வருவது இன்னொன்று. பெருந்திரளானோர் தப்பியது இவ்விரு வழிகளில்தான். தாமு வழியில் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்தார்கள். பலேலில் உணவு இல்லை, திமாப்பூரில் ரயில் பெட்டி இல்லை, வழிநெடுகக் காலரா என்பன சொல்லப்பட்ட காரணங்கள். காரணங்கள் மெய்யானவையே. ஆயினும் வரம்பு வைத்தவர்கள் வரிசையும் வைத்தார்கள். வெள்ளையருக்கு ஒரு பாதையும் இந்தியருக்கு வேறொரு பாதையும் ஒதுக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. வைசிராய் நிர்வாகக் குழுவில் கடல்கடந்த இந்தியர் துறையைக் கவனித்த எம்.எஸ். ஆனே, ஹிருதயநாத் குன்ஸ்ரு முதலியோர் அஸ்ஸாம் எல்லைக்கு நேரில் சென்று பார்த்து அதை வெளிப்படையாகக் கண்டித்தனர். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழுவும் இதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்துக்கு மூன்று மாதங்களுக்கு முற்பட்ட செய்தி இது. அவ்வியக்கத்தின் மனநிலையை விளக்கும் நூல்கள் கிரிப்ஸ் தூதுக்குழுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தாமு பாதையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது சரியான அளவு அன்று. ஆட்சி தம்மைக் காக்காது என்பதை இலட்சக்கணக்கானோர் காலால் நடந்து கண்டுகொண்டு ஊர் திரும்பிய ஆண்டு அது.

மே முதல் நாள் மாந்தலே வீழ்ந்தது. எஞ்சியவர்கள் ரயிலேறி வடக்கே, பாதையின் கடைசி நிலையமான மியிச்சினாவுக்கு ஓடினர். அங்கே ஒரு விமானத்தளம் இருந்தது; அதுவே இறுதி நம்பிக்கை. மே 6 அன்று அத்தளம் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. இரண்டு நாளில் ஊரே ஜப்பானியர் வசமாயிற்று. இனி மிஞ்சியது ஹுக்காங் பள்ளத்தாக்கு மட்டுமே. மொகாங், மைங்குவான், ஷிங்ப்வியாங் வழியாக இருநூறு மைலுக்கு மேல் காடு. அதிலும் ஷிங்ப்வியாங்குக்கு அப்பால் லேடோ வரையிலான கடைசி நூறு மைல் முழுவதும் மலை. மழை சரியாக அவ்வாரமே தொடங்கியது.

மழைக்குள் அகப்பட்டவர்கள் அனைவரும் ஏழைகள் என்று கொள்வதும் பிழையாகும். கடைசி நாள் வரை பணியிலிருந்த ஆங்கிலோ-இந்திய ரயில்வே ஊழியர், தந்தி அலுவலர், மருத்துவர், அவர்களுடைய குடும்பத்தார், கூர்க்காக்கள், சிதறிப்போன படைப்பிரிவுகளின் இந்திய வீரர்கள், தொழிலாளர், இவர்களுக்குப் பின்னால் பின்வாங்கி வந்த சீனப் படையினர் எனக் கலப்பான கூட்டம் அது. மழை எல்லார் தலையிலும் ஒன்றுபோலவே பெய்தது. ஆனால் ஒருவர் மூட்டையை இன்னொருவர் சுமந்தார்; ஒருவர் குழந்தையைத் தூக்க ஆள் இருந்தது, மற்றொருவருக்கு இல்லை.

அப்பாதையின் இடப்பெயர்களை வரிசையாகப் படித்தாலே அது எத்தகைய நிலம் என்று விளங்கிவிடும். தாய்லாந்து மொழியோடு உறவுடைய ஷான், காம்தி மொழிகளில் ‘நம்’ என்றால் நீர்: நம்யுங், நம்லிப், நம்போங், நம்டாபா. ஜிங்போ மொழியில் ‘கா’ என்பது ஆறு: தானை கா, தாருங் கா. ‘நாங்யாங்’ என்பதன் முதற்பகுதி ஏரியைக் குறிக்கும். பாங்சாவிலிருந்து கீழே தெரியும் அந்நீர்நிலையைத்தான் ‘திரும்பா ஏரி’ என்று பிற்காலப் படைவீரர்கள் அழைத்தார்கள். பர்மிய மொழியில் மியிச்சினா என்பதற்கே ‘பேராற்றின் அருகு’ என்பது பொருள். கணவாயைத் தாண்டி அஸ்ஸாமுக்கு வந்தால் போடோ இன மொழிகளின் ‘தி’ தொடங்குகிறது. திஹிங், திபாங், திமாப்பூர் என்னும் பெயர்களில் உள்ள ‘தி’யும் நீரே. நான்கு மொழிக் குடிகள் தத்தம் சொல்லால் ஒரே எச்சரிக்கையை அங்கே எழுதி வைத்திருந்தனர். நடந்தவர்களுக்கு அம்மொழிகள் தெரியாது. ஹுக்காங் என்னும் பெயரே ‘தகன மேடுகள்’ எனப் பொருள்படும் ஜிங்போச் சொல்லின் திரிபு என்று ஒரு விளக்கம் உண்டு. பின்னாளில் செய்தித்தாள்கள் சூட்டிய ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்னும் பெயருக்கு அது புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை.

மழைக்காட்டில் ஒரு கூட்டம் நடப்பதற்கும் ஒருவர் தனித்து நடப்பதற்கும் உள்ள வேறுபாடு முதலில் தரையில் தெரியும். பட்காயின் மண் களிமண். அதன்மேல் நூறு பேர் நடந்தால் வழுக்கும். ஆயிரம் பேரும் கோவேறு கழுதைகளும் நடந்தால் முழங்கால் அளவு சேறாகும். முன்னே சென்றவர்களின் ஒவ்வோர் அடியும் பின்னே வருபவரின் பாதையைக் கெடுத்தது. எனவே மழைக்காலத்தில் பிந்திப் புறப்பட்டவர் இருமுறை தண்டிக்கப்பட்டார்: வானத்தால் ஒரு முறை, முன்னவர்களின் கால்தடங்களால் ஒரு முறை. வறண்ட காலத்தில் ஒரே நாளில் கடக்கும் தொலைவுக்கு மூன்று நாளும் நான்கு நாளும் ஆகும். நாள் கூடினால் அரிசி குறையும். அரிசி குறைந்தால் நடை தளரும். நடை தளர்ந்தால் நாள் இன்னும் கூடும்.

ஆறுகள் அதற்கும் மேல். மலையாறு சில மணி நேர மழையில் ஆள் உயரத்துக்குப் பெருகும். மழை விட்டால் அதே வேகத்தில் வடியும். ஆகவே கரையில் காத்திருப்பதே அறிவுடைமை. ஆனால் மூன்று நாள் உணவு மட்டும் கையில் உள்ள குழு இரண்டு நாள் காத்திருக்க இயலுமா? காத்திருந்தவர்கள் பட்டினியால் மெலிந்தனர். இறங்கியவர்களுள் பலரை வெள்ளம் கொண்டுபோயிற்று. குழுக்கள் உடைந்தது பெரும்பாலும் இத்தகைய கரைகளில்தான் என்பதை நடந்தவர்களின் குறிப்புகளைப் படிப்பவர் எளிதில் உணரலாம். வலுவுள்ளவர் ஒரு கரை, வலுவற்றவர் மறு கரை.

நெருப்பு மூட்டுவதும் அறிவு சார்ந்த செயலே. மாதக்கணக்காக நனையும் காட்டில் சுள்ளி எரியாது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, உட்புறத்தைச் சீவி எடுத்தால் உலர்ந்த சீவல் கிடைக்கும். நாகர்களுக்கும் ஜிங்போ மக்களுக்கும் இது குழந்தைப் பருவத்துப் பழக்கம். ரங்கூன் அலுவலக எழுத்தருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. கையில் அரிசி இருந்தும் பட்டினி கிடக்கும் நிலை இவ்வாறு வாய்த்தது. அட்டை கடித்த இடம் புண்ணாகும். ஈரத்தில் ஆறாத அப்புண் கணுக்காலிலிருந்து எலும்பு வரை அரிக்கும். ‘நாகா புண்’ என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டனர். நாகர் நோயை உண்டாக்கியவர் போலத் தொனிக்கும் அப்பெயர் அநீதியானது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் எஞ்சியதைச் செய்து முடித்தன. மழையால் நேரடியாக இறந்தவர் எனப் பார்த்தால் ஆற்றில் போனவர் மட்டுமே. மற்றவர்கள் இறந்தது பசி, நோய், காலதாமதம் என்னும் மூன்றால். மழை அம்மூன்றையும் ஒன்றாகக் கட்டிய கயிறு.

இவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதும் எளிய வினா அன்று. ஆங்கில ஆவணங்கள் ‘இவாக்குவி’ என்கின்றன. யாரோ ஒருவர் பொறுப்பேற்று வெளியேற்றினார் என்னும் பொருள் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஹுக்காங் பாதையில் அவ்வாறு எவரும் எவரையும் வெளியேற்றவில்லை. தமிழில் வழங்கும் ‘அகதி’ வடமொழியிலிருந்து வந்தது. ‘கதி’ என்பதற்குச் செல்லுகை என்றும் புகலிடம் என்றும் பொருள். இருநூறு மைல் நடந்தவரைக் ‘கதியற்றவர்’ என்கிறது அச்சொல். ரங்கூனில் 1932 முதல் வாழ்ந்து ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, தாமும் 1942இல் நடந்தே இந்தியா வந்தவர். தம் நூலுக்கு அவர் இட்ட தலைப்பு ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’. ‘வழி’யையும் ‘நடை’யையும் பிரித்துப் படித்தால் அது பாதையின் பெயர். சேர்த்து ‘வழிநடை’ என்று படித்தாலோ தமிழில் ஒரு சிற்றிலக்கிய மரபே நினைவுக்கு வரும். கோயிலுக்குக் காவடியோடு நடக்கும் கூட்டம் களைப்பு நீங்கப் பாடிச் செல்வது வழிநடைச் சிந்து. கூடி நடத்தலுக்கெனத் தனி இலக்கிய வகை வைத்திருக்கும் மொழி இது. சர்மா அதை எண்ணித்தான் தலைப்பிட்டார் என்று சாதிக்க முடியாது. ஆயினும் அப்பொருத்தம் புறக்கணிக்கத்தக்கதன்று. பர்மாவில் தமிழ், தெலுங்குத் தொழிலாளர் மேஸ்திரிகளின் கீழ்க் குழுக்களாகவே வாழ்ந்தனர். கடனும் கூலியும் சோறும் குழுவின் வழியாகவே வந்தன. ஓடும்போதும் கூட்டமாக ஓடுவது அவ்வாழ்க்கையின் தொடர்ச்சியே. ஆனால் அக்கூட்டங்களிலிருந்து ஒரு சர்மா தோன்றவில்லை. எழுதத் தெரிந்தவர்களின் நடையே நூலாயிற்று.

உதவியவர்களின் பட்டியலும் இதே போன்றது. லேடோவிலிருந்து கணவாய் நோக்கி முகாம்களை அமைத்தது இந்தியத் தேயிலைச் சங்கம். அதன் பணியை விவரித்து ஜெஃப்ரி டைசன் 1945இல் ஒரு நூல் வெளியிட்டார். தோட்டக்காரர்களின் உழைப்பு மெய்யானது, மறுப்பதற்கில்லை. ஆனால் கொட்டும் மழையில் அரிசி மூட்டையைத் தலையிலும் முதுகிலும் சுமந்து மேலே கொண்டுபோனவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். சந்தால், முண்டா, ஒராவோன் குடிகளைச் சேர்ந்தவர்களின் வழிவந்தோர். அவர்களுடைய முன்னோரும் ஒரு காலத்தில் கூலிக்கு ஆள் சேர்த்து அஸ்ஸாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்களே. கூலிகளைக் காக்கக் கூலிகள் அனுப்பப்பட்டனர். இன்னும் கிழக்கே சௌகான் கணவாய் வழியாக வந்து டாபா ஆற்றில் சிக்கிய 68 படைவீரர்களை, ஜூன் மாத வெள்ளத்தில் யானைகளைக் கொண்டு மீட்டார் கைல்ஸ் மக்ரெல் என்னும் ஆங்கிலேயர். அவர் எடுத்த அசைபடம் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் உள்ளது. அவரைப் பற்றி நூலும் வந்துவிட்டது. மக்ரெல் துணிச்சல்காரர் என்பதில் ஐயமில்லை. எனினும் பெருக்கெடுத்த ஆற்றில் யானையின் கழுத்தில் அமர்ந்து அதைச் செலுத்தியவர் பாகன். அப்பாகன்களின் பெயர்களை அறிந்தவர் எத்தனை பேர்?

ஜூன் மாதத்தில், நடக்க முடியாதவர்களை ஷிங்ப்வியாங்கிலேயே நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று. மழை ஓயும்வரை விமானத்திலிருந்து உணவு போடுவது திட்டம். மேகம் மலையில் படிந்த நாள்களில் விமானம் வராது. பட்காயில் அத்தகைய நாள்கள் மிகுதி. அம்முடிவு சரியா என்பது பற்றி இன்றும் விவாதிக்கலாம். நடந்திருந்தால் பலர் வழியில் விழுந்திருப்பர். தங்கியதால் பலர் முகாமில் நோயுற்று இறந்தனர். முடிவு தவறு என்பதை விட, அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டிய நிலைக்கு ஜூன் மாதம் வரை காரியம் தள்ளப்பட்டதே தவறு என்பது பொருந்தும். பிழைத்தவர்கள் மழை தணிந்த பிறகே லேடோ வந்து சேர்ந்தனர்.

எல்லா வழிகளிலும் சேர்த்து நான்கு முதல் ஐந்து இலட்சம் பேர் இந்தியா வந்ததாக மதிப்பீடு. இறந்தவர் எத்தனை பேர்? பத்தாயிரம் என்பாரும் உளர், ஐம்பதாயிரம் என்பாரும் உளர், அதற்கும் மேல் என்பாரும் உளர். நடந்ததை விரிவாக ஆராய்ந்து ஹியூ டிங்கர் 1975இல் எழுதிய கட்டுரைக்கும் உறுதியான ஓர் எண் கிடைக்கவில்லை. வந்தவர்களை எண்ணுவதற்கு முகாம்கள் இருந்தன. புறப்பட்டவர்களை எண்ண எவரும் இல்லை. 1941இல் பர்மாவில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கின் பதிவுகளில் பெரும்பகுதி போரில் அழிந்துவிட்டது. கழித்தல் கணக்குக்கு மேல் வரியே இல்லை. டைசனின் நூல் தலைப்பிலும் டிங்கரின் கட்டுரைத் தலைப்பிலும் ‘மறக்கப்பட்ட’ என்னும் அடைமொழி உள்ளது. போர் முடிந்த ஆண்டிலேயே ஒருவர் மறதியைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், மறந்தது யார் என்ற கேள்வி எழும். தமிழ்நாட்டில் நிலைமை சற்று வேறு. இங்கே ‘பர்மா அகதி’ என்றால் 1960களில் நே வின் ஆட்சியில் உடைமை இழந்து கப்பலில் திரும்பியவர்களே நினைவுக்கு வருகின்றனர். பர்மா பஜாரும் பர்மா காலனிகளும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1942இல் நடந்தவர்கள் அந்நினைவுக்குள் கரைந்துபோயினர்.

1942 டிசம்பரில் அமெரிக்கப் பொறியாளர்கள் லேடோவிலிருந்து சீனாவுக்குச் சாலை வெட்டத் தொடங்கினர். 1943 பிப்ரவரி இறுதியில் அச்சாலை பாங்சாவைக் கடந்தது. ஷிங்ப்வியாங் அதன் 103ஆவது மைல் ஆயிற்று. பழைய காட்டுப்பாதையை ஒட்டியே நில அளவை நடந்தது. இடிந்த ஓலைக் குடிசைகளிலும், ஓடைக் கரைகளிலும், ஏற்றங்களின் அடிவாரத்திலும் எலும்புக்கூடுகள் கூட்டம் கூட்டமாகக் கிடந்ததை அங்கே பணியாற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்றங்களின் உச்சியில் அவை குறைவு.